பண்டகசாலையின் சாவி

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். சிறுவர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத் தக்க விஷயமாகவே பெரியோரிற் பலர் இதைக் கருதி வருகின்றனர். ஆனால் அவ்விளையாட்டுகளைச் சுற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய உழைப்பு நடைபெற்று வருகிறது. அவ்வுழைப்பிற்குப் பெரும்பாலும் கூலி கிடையாது; முதலாளி கிடையாது; வேலை நேரம் என்ற வரம்பும் கிடையாது. விளையாடுகிறவர்களே, தாம் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில் புதிய ஊர்களையும் புதிய பாத்திரங்களையும் புதிய கதைகளையும் அமைத்துப் பிறருக்கு இனாமாக வழங்குகிறார்கள். ஆங்கிலத்தில் 'மாடிபிகேஷன்' என்னும் சொல்லைக் குறுக்கி இவற்றை 'மாட்' என்று அழைப்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. இந்த 'மாட்'களை எந்தக் கிடங்கில் வைப்பது, யார் மூலம் விநியோகிப்பது, விலை வைப்பதா இனாமாக விடுவதா என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் விளையாட்டுகளை வெளியிடும் பிரசுரகர்த்தர்களிடமே இருக்கிறது. அவ்வதிகாரம் நியாயமாகச் செலுத்தப்படுகிறதா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

இவ்வழக்கம் வேரூன்றிய விதத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். 1993-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலிருந்த 'இட் சாப்ட்வேர்' என்ற சிறு கம்பெனி 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் புரோகிராமை எழுதுவதில் தலைமை வகித்தவர் மிஸ்டர் ஜான் கார்மாக். முந்தின ஆண்டில் அக்கம்பெனியார் வெளியிட்ட விளையாட்டின் உள்ளே சில ரசிகர்கள் பெரும் பிரயாசையுடன் புகுந்து, படங்களையும் வரைபடங்களையும் தம் இஷ்டம்போல் மாற்றிவிட்டனர். இதைக் கண்டு கோபங்கொள்ளாமல், அப்படி மாற்ற விரும்புவோருக்கு வழி எளிதாக இருக்கட்டும் என்று மிஸ்டர் கார்மாக் தீர்மானித்தார். ஆகவே 'டூம்' விளையாட்டில் இயந்திரம் போன்ற புரோகிராம் தனியாகவும், படம், ஓசை, வரைபடம் ஆகியவை 'வாட்' எனப்படும் தனிக் கோப்பிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டன. மூலத்தைக் கெடுக்காமலே எவரும் தம் கைச்சரக்கைச் சேர்த்து ஆடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

விளைவு யாது? பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்கள் மூலமும், தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய தகவல் பலகைகள் மூலமும் ஆயிரக்கணக்கான புதிய வரைபடங்கள் கைம்மாறின. ரசிகர்கள் தாமே கூடி ஒரு பொதுக் கிடங்கை ஏற்படுத்தி, அதன் பிரதிகளைப் பல இடங்களில் வைத்தனர். 90-களில் ஒரு மாணவன் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வரைபடத்தை இன்றும் அங்கிருந்து எடுத்து ஆடலாம். அதை முதலில் தாங்கியிருந்த கம்ப்யூட்டர்கள் ஓய்ந்து எத்தனையோ காலமாயிற்று, சரக்கு அழியவில்லை. ஒரே இடத்தில் ஒரே சாவியின் கீழ் அது பூட்டப்படாமல் இருந்ததே காரணம். இதை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனாமாகப் புழங்கிய இச்சரக்கின்மீது வியாபாரிகளின் கண் விழ வெகுகாலம் ஆகவில்லை. 1996-ம் ஆண்டில் 'டியூக் நூக்கம் 3டி' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதனுடன் வரைபடம் அமைக்கும் கருவியொன்றும் கொடுக்கப்பட்டிருந்தது. அக்கருவியால் செய்தவற்றைப் பிறருக்கு இனாமாகவே வழங்க வேண்டுமென்பது நிபந்தனை. 'மைக்ரோ ஸ்டார்' என்ற கம்பெனி, ரசிகர்கள் இப்படிச் செய்து பொதுவில் வைத்திருந்த 300 வரைபடங்களைத் திரட்டி, ஒரு தட்டில் பதித்து விற்கத் தொடங்கியது. பிரசுரகர்த்தரான 'பார்ம்ஜென்' கம்பெனி ஆட்சேபிக்கவே வழக்கு ஏற்பட்டு, அமெரிக்க ஒன்பதாம் வட்டார அப்பீல் கோர்ட்டுக்குச் சென்றது. 1998-ம் ஆண்டில் நீதிபதி கோஜின்ஸ்கி தீர்ப்பளித்தார். வரைபடக் கோப்பில் மூல விளையாட்டின் படங்கள் இல்லாவிடினும், அதே கதாநாயகனின் மேற்கதைகளை அது சொல்லுகிறது. மேற்கதை எழுதும் உரிமை மூலநூலின் சொந்தக்காரருக்கே உரியது. ஆகையால் மைக்ரோ ஸ்டார் செய்தது உரிமை மீறல் என்பது தீர்ப்பின் சாரம்.

கோர்ட் செய்தது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். பிறர் உழைப்பைத் திரட்டி விற்ற கம்பெனிக்காகப் பரிந்து பேச நாம் முன்வரவில்லை. ஆனால் இவ்வழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 300 வரைபடங்களைச் செய்த ரசிகர்கள் வாதிகளுமல்லர், பிரதிவாதிகளுமல்லர். அவர்கள் பொருளைப்பற்றி இரண்டு கம்பெனிகள் போராடின. அவர்களை எவரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 'மாட்' ஆசிரியனுடைய நிலைமை இன்றும் ஏறக்குறைய இதுவே. மூலத்தைச் சார்ந்து செய்யப்பட்டதாதலால் பிரசுரகர்த்தரின் அனுமதியின்றி அவன் அதை விற்க முடியாது. சட்டம் பிரசுரகர்த்தரின் கையில் ஒரு கோலைக் கொடுத்திருக்கிறது. அதை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றவரின் நன்மை தீமை இருக்கிறது.

அக்கோலைச் செங்கோலாகப் பிடித்து லாபமடைந்தவர்களும் உண்டு. 1998-ல் 'வால்வ்' கம்பெனி வெளியிட்ட 'ஹாப் லைப்' என்ற விளையாட்டை அடிப்படையாகக் கொண்டு, மின் லே என்ற கனடா தேசத்து மாணவரும் ஜெஸ் கிளிப் என்பவரும் சேர்ந்து 1999-ல் 'கவுண்டர் ஸ்டிரைக்' என்ற 'மாட்'டைச் செய்தனர். சில மாதங்களில் அதை ஆடுவோர் தொகை பெருகியது. வால்வ் கம்பெனியார் அதைத் தடுக்கவில்லை. உரிமையை விலைக்கு வாங்கி, அவ்விருவரையும் வேலையில் அமர்த்திக்கொண்டு, 2000-ம் ஆண்டில் தனி விளையாட்டாக விற்றனர். கால் நூற்றாண்டு கழிந்தும் அதன் வழிவந்த விளையாட்டு உலகமெங்கும் ஆடப்பட்டு வருகிறது. தம் மூளையில் உதிக்காத ஒரு யோசனை, கதவைத் திறந்து வைத்த காரணத்தால் அவர்கள் வீடு தேடி வந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 'பிளிஸார்ட்' கம்பெனி 2002-ல் வெளியிட்ட 'வார்கிராப்ட் 3' என்ற விளையாட்டுடன் வரைபடம் அமைக்கும் கருவி ஒன்றைத் தந்தது. அக்கருவியைக் கொண்டு ரசிகர்கள் செய்த 'டோட்டா' என்னும் ஆட்டம் மூல விளையாட்டையே மிஞ்சிய புகழ் பெற்றது. அதை வளர்த்து வந்தவரை வால்வ் கம்பெனி 2009-ல் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. பெயர் யாருக்கு உரியது என்று இரு கம்பெனிகளும் சச்சரவிட்டு, 2012-ல் சமாதானம் செய்துகொண்டன. இவ்வநுபவத்திலிருந்து பிளிஸார்ட் கம்பெனியார் கற்ற பாடம் விசித்திரமானது. ரசிகர்களை இன்னும் நன்றாக நடத்தியிருந்தால் அவர்கள் நம்மை விட்டுப் போயிரார் என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. 2020 ஜனவரியில் அதே விளையாட்டைப் புதுக்கி வெளியிட்டபோது, அதில் ரசிகர்கள் அமைக்கும் ஆட்டங்கள் யாவும் கம்பெனியின் ஏகபோகச் சொத்து என்று நிபந்தனையில் எழுதிவிட்டனர். செய்கிறவன் செய்து முடிக்குமுன்பே அவன் உரிமை கைமாறிவிடுகிறது. இரவலாக மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, அதனால் வெட்டிய கிணறெல்லாம் எமக்கே என்று சொல்வதை ஒக்கும் இது.

நிற்க. இன்று பிரசுரகர்த்தர்கள் கைக்கொள்ளும் முறைகள் மூன்று. வெளியார் நடத்தும் கிடங்குகளில் 'மாட்'கள் இருப்பதை அனுமதித்துத் தாம் ஒதுங்கி நிற்பது ஒன்று. விளையாட்டு விற்கும் பெருங்கடைக்காரரின் கிடங்கில் வைக்கச் சொல்வது மற்றொன்று. தாமே கிடங்கு கட்டித் தாமே சாவியை வைத்துக்கொள்வது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு; கெடுதியும் உண்டு.

வெளியார் கிடங்குகளில் ஆஸ்திரேலியாவில் 2002-ல் தோன்றிய 'மாட் டிபி'யும், இங்கிலாந்தில் மிஸ்டர் ராபின் ஸ்காட் 2001-ல் தொடங்கி வளர்த்த 'நெக்ஸஸ் மாட்ஸ்' என்பதும் பிரசித்தமானவை. விளையாட்டை எந்தக் கடையில் வாங்கியவரும் இவற்றிலிருந்து 'மாட்'களை எடுத்துக்கொள்ளலாம். பிரசுரகர்த்தருக்குச் செலவு இல்லை, பொறுப்பும் இல்லை. ஆயினும் இவையும் தனியார் சொத்துக்களே என்பதை மறத்தலாகாது. 2021 ஜூலையில் நெக்ஸஸ் நிர்வாகத்தார், பல 'மாட்'களை ஒரே தொகுதியாக எடுத்துக்கொள்ளும் வசதியை ஏற்படுத்தப் போவதால், ஆசிரியர்கள் இனித் தம் கோப்புகளை முற்றிலும் அழிக்க முடியாது என்று அறிவித்தனர். வேண்டாதவர்கள் எடுத்துக்கொண்டு போக ஒரு மாதத்திற்குச் சற்று மேற்பட்ட தவணை அளித்தனர். சிலர் மனம் நொந்து பல்லாண்டு உழைப்பை எடுத்துக்கொண்டு வெளியேறினர். தொகுதி சிதையாமல் இருக்க வேண்டும் என்ற வாதத்தில் பொருளில்லாமல் இல்லை; தவணை கொடுத்ததும் பாராட்டத் தக்கதே. எனினும் தன் பொருளைத் திரும்பப் பெறும் உரிமை கிடங்குக்காரரின் ஒரு அறிவிப்பில் மறைந்துபோகக்கூடும் என்பது அன்று யாவருக்கும் விளங்கிற்று. 2025-ல் மிஸ்டர் ஸ்காட் நிர்வாகத்தினின்று விலகி, கிடங்கைப் பிறர் கையில் ஒப்புவிப்பதாக அறிவித்தார். 'கேம் பிரண்ட்' என்ற மற்றொரு பழைய கிடங்கோ 2016 ஏப்ரல் 30-ந் தேதி கதவை மூடிற்று. நல்லவர் கையிலிருக்கும் சாவியும் ஒருநாள் கை மாறும்.

இரண்டாவது முறைக்குப் பேர்போன உதாரணம் வால்வ் கம்பெனி தன் 'ஸ்டீம்' கடையில் 2011 அக்டோபரில் ஏற்படுத்திய 'ஒர்க்ஷாப்' என்ற பிரிவு. இதன் சௌகரியத்தை மறுப்பதற்கில்லை. முன்பெல்லாம் 'மாட்' ஒன்றைச் சேர்ப்பதற்குக் கோப்பை எடுத்து, விரித்து, உரிய இடத்தில் வைத்து, தவறினால் மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. ஒர்க்ஷாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆசிரியர் திருத்தும்போதெல்லாம் திருத்தமும் தானே வந்து சேரும். வால்வ் விளையாட்டுகளில் விற்கப்படும் தொப்பி, ஆயுதம் முதலியவற்றைச் செய்து கொடுத்தவர்களுக்குப் பங்கும் கிடைத்தது. 2011 முதல் 75 நாடுகளைச் சேர்ந்த 1,500-க்கு மேற்பட்டவர்களுக்கு 5 கோடியே 70 லட்சம் டாலருக்கு அதிகமாக வழங்கியதாக அக்கம்பெனி 2015 ஜனவரியில் அறிவித்தது. இது சிறிய தொகை அன்று. ஆயினும் அதே விளையாட்டை வேறொரு கடையில் வாங்கியவர் பொதுவாக ஒர்க்ஷாப்பினுள் நுழைய முடியாது. இனாமாகக் கொடுத்த ஆசிரியரின் உழைப்பு, அவர் அறியாமலே ஒரு கடைக்கு வாடிக்கை சேர்க்கும் சாதனமாகிவிடுகிறது.

இம்முறையின் உள்ளிருந்த முரண்பாடு 2015 ஏப்ரல் 23-ந் தேதி வெளிப்பட்டது. 'பெதெஸ்டா' கம்பெனியின் 'ஸ்கைரிம்' என்ற விளையாட்டுக்குச் செய்யப்பட்ட 'மாட்'களை ஒர்க்ஷாப்பில் விலைக்கு விற்கலாம் என்று வால்வும் பெதெஸ்டாவும் சேர்ந்து அறிவித்தன. விலையில் நூற்றுக்கு 30 கடைக்காரருக்கு. நூற்றுக்கு 45 பிரசுரகர்த்தருக்கு. செய்தவருக்கு நூற்றுக்கு 25. ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். ஒன்றேகால் லட்சத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு மகஜர் அனுப்பினர். விற்பனைக்கு வந்த முதல் 'மாட்'களில் ஒன்றில் மற்றொருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது என்ற தகராறு எழுந்து, அது வாபஸ் பெறப்பட்டது. ஏப்ரல் 27-ந் தேதி, அதாவது நான்கே நாளில், திட்டம் முழுவதும் கைவிடப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இதைப் பற்றி அன்று பலர் பலவாறு பேசினர். உழைத்தவன் கூலி கேட்பது தவறு என்று சொன்னவர்களுடன் நாம் உடன்படவில்லை. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு பாடுபட்டு ஒருவன் செய்ததற்கு இரண்டு டாலர் கொடுக்க மனமில்லாதவன், அவனை நண்பன் என்று அழைப்பதில் என்ன பயன்? அத்திட்டத்தின் குற்றம் விலை வைத்ததில் இல்லை. வருஷக்கணக்காக ஒருவர் பொருளை ஒருவர் இனாமாக எடுத்தாண்டு, கூட்டாக வளர்த்து வந்த ஒரு சமூகத்தில், அச்சமூகத்தைப் பொதுவில் கலந்து ஆலோசிக்காமல், ஒரே நாளில் சந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியது முதற் குற்றம். களவுப் பொருளைக் கண்டுபிடிக்க ஏற்பாடு செய்யாமல் கடையைத் திறந்தது இரண்டாவது. நிலத்துக்காரருக்கும் சந்தைக்காரருக்கும் முக்கால் பங்கு, உழுதவனுக்குக் கால் பங்கு என்று வகுத்தது மூன்றாவது.

இதற்குப் பின் பெதெஸ்டா மூன்றாவது முறையில் இறங்கிற்று. 2016-ல் தன் சொந்தக் கிடங்கை அமைத்து, 'எக்ஸ்பாக்ஸ்' போன்ற வீட்டு விளையாட்டு இயந்திரங்களில் ஆடுவோருக்கும் 'மாட்'கள் கிடைக்கும்படி செய்தது. அதுவரை கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கே கிட்டிய இன்பம் மற்றவர்க்கும் கிட்டியது. இது மெய்யான நன்மை. ஆனால் 'பிளேஸ்டேஷன்' இயந்திரத்தில் வெளியிலிருந்து புதிய படமோ ஓசையோ சேர்க்க 'சோனி' கம்பெனி இடங்கொடுக்கவில்லை. மூல விளையாட்டில் உள்ளவற்றையே மாற்றி அடுக்கலாம் என்ற அளவில்தான் அனுமதி கிடைத்தது. அன்றியும், நெக்ஸஸ் கிடங்கிலிருந்த 'மாட்'களை யார் யாரோ எடுத்துத் தம் பெயரால் புதிய கிடங்கில் ஏற்றினர். மெய்யான ஆசிரியர்கள் தம் பொருளைத் தமதென்று நிரூபிக்க அலைய வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டில் அதே கம்பெனி, தேர்ந்தெடுத்த ஆசிரியர்களுக்கு ஊதியமளித்துப் புதியவற்றைச் செய்வித்து விற்கும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. 2023 டிசம்பர் முதல், அங்கீகாரம் பெற்ற ஆசிரியர்கள் தம் 'மாட்'களை அக்கிடங்கிலேயே விற்றுப் பங்கு பெறலாம் என்றாயிற்று. நான்கு நாளில் வீழ்ந்த யோசனை, எட்டு ஆண்டு கழிந்து மெதுவாகத் திரும்பி வந்துவிட்டது. இம்முறை பரபரப்பு குறைவாயிருந்ததற்குக் காரணம், இனாம் 'மாட்'களுக்கு நெக்ஸஸ் போன்ற வேறு வழி திறந்திருப்பதே என்று நாம் கருதுகிறோம்.

பிரசுரகர்த்தர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. 'மாட்' என்ற பெயரால் எது வேண்டுமானாலும் வரக்கூடும். 2023 ஜூனில் 'மைன்கிராப்ட்' விளையாட்டுக்குரிய 'மாட்'கள் வைக்கப்பட்டிருந்த 'கர்ஸ்போர்ஜ்' கிடங்கில் திருட்டுப் புரோகிராம் ஒன்று புகுந்து, இறக்கிக்கொண்டவர்களின் ரகசியச் சொற்களைக் கவர முயன்றது. பல 'மாட்'களில் பிறருடைய சினிமாப் பாத்திரங்களும் பாட்டுகளும் அனுமதியின்றி நுழைந்திருக்கும். சிறுவர் ஆடும் விளையாட்டில் சிறுவர்க்கு ஆகாதவை கலந்துவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் பழி தன் பெயரில் விழும் என்று பிரசுரகர்த்தர் அஞ்சுவது இயல்பே. காவல் வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். காவற்காரன் வீட்டுக்கு உடையவனாகிவிடக் கூடாது என்பதே நமது வாதம்.

காவலுக்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள பேதத்தை 2017-ல் நடந்த ஒரு சம்பவம் காட்டிற்று. 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ' விளையாட்டுகளை வெளியிடும் 'டேக் டூ' கம்பெனி, அவ்விளையாட்டுக்கு 'மாட்' செய்வோர் கையாண்ட 'ஓப்பன் ஐவி' என்ற கருவியை நிறுத்தும்படி அவ்வாண்டு ஜூனில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பலர் கூடி ஆடுமிடத்தில் நடக்கும் மோசடியைத் தடுப்பதே நோக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது. கருவியைச் செய்தவர்களோ, தனியாக ஒருவர் ஆடும் பகுதிக்கே அது உரியது என்றனர். ரசிகர்களின் கண்டனம் எங்கும் முழங்கவே, தனி ஆட்டத்தில் லாப நோக்கமின்றிச் செய்யும் 'மாட்'களின்மேல் பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்று அறிவிக்கப்பட்டு, கருவி மீண்டும் வெளிவந்தது. இவ்விளையாட்டை உருவாக்கிய 'ராக்ஸ்டார்' கம்பெனி, 'பைவ் எம்' என்ற 'மாட்'டைச் செய்தவர்களின் கணக்குகளை 2015-ல் முடக்கியது. 2023-ல் அவர்களையே விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டது. அன்று குற்றமாக இருந்தது இன்று சொத்தாயிற்று. இரண்டு நாளிலும் தீர்மானித்தவர் ஒருவரே என்பதைக் கவனிக்க வேண்டும்.

புதுப்பிப்பு என்ற பெயரால் நேரும் இடுக்கண் மற்றொன்று. 'பால்அவுட் 4' என்ற பெதெஸ்டா விளையாட்டை வைத்து, லண்டன் நகரைக் களமாகக் கொண்ட பெரியதொரு 'மாட்'டை ஒரு தொண்டர் குழு பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தது. 2024 ஏப்ரலில் அதை வெளியிட நாள் குறித்திருந்தனர். அச்சமயத்தில் மூல விளையாட்டிற்குக் கம்பெனி பெரிய திருத்தம் ஒன்றை ஏப்ரல் 25-ந் தேதி அனுப்பவே, பழைய அமைப்பை நம்பிச் செய்த 'மாட்'கள் பல பழுதுபட்டன. லண்டன் 'மாட்' மூன்று மாதம் தாமதித்து ஜூலை 25-ந் தேதி, 'ஜிஓஜி' என்ற வேறொரு கடையின் மூலம் வெளிவந்தது. 'சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்' விளையாட்டின் கதையும் கவனிக்கத் தக்கது. அதன் முதற்பகுதிக்கு ஸ்டீம் ஒர்க்ஷாப் கிடங்காக இருந்தது. 2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பகுதிக்கு, சுவீடன் தேசத்துப் பிரசுரகர்த்தரான 'பாரடாக்ஸ்' கம்பெனி, எல்லாக் கடைக்காரரின் வாடிக்கையாளர்க்கும் பயன்படட்டும் என்று தன் சொந்தக் கிடங்கையே நியமித்தது. எண்ணம் நல்லதே. ஆனால் விளையாட்டு வந்து ஐந்து மாதம் கழிந்து, 2024 மார்ச்சில்தான் அக்கிடங்கு அதற்காகத் திறந்தது. இடையில் ரசிகர்கள் வெளியார் கிடங்கு ஒன்றில் தம் காரியத்தைத் தாமே நடத்திக்கொண்டனர்.

இவ்வாறெல்லாம் இன்றி இணக்கமாக நடத்தலாம் என்பதற்கும் சான்று உண்டு. 'டெரேரியா' என்ற விளையாட்டைச் செய்த 'ரீலாஜிக்' கம்பெனி, ரசிகர்கள் செய்திருந்த 'டிமாட்லோடர்' என்ற 'மாட்' ஏற்றும் கருவியை 2020 மே மாதத்தில், விளையாட்டை வாங்கியவர்க்கு இனாம் இணைப்பாக ஸ்டீம் கடையில் வெளியிட அனுமதித்தது. கருவி அதைச் செய்தவர்களிடமே இருந்தது. மூல விளையாட்டை ஆடுவோர் அதைத் தனியாகவும், 'மாட்'களுடன் ஆடுவோர் இதைத் தனியாகவும் வைத்துக்கொள்வதால், ஒன்றின் திருத்தம் மற்றொன்றைக் குலைப்பதில்லை. இதனால் அக்கம்பெனிக்கு நஷ்டம் வந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இவ்வநுபவங்களைச் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, பிரசுரகர்த்தர்கள் ஏற்க வேண்டிய சில நியதிகள் தாமே புலப்படுகின்றன. முதலாவதாக, 'மாட்' செய்தவனிடமிருந்து விநியோகிக்கும் அனுமதியை மட்டும் பெறுக. அவனுடைய உரிமையையே எழுதி வாங்கற்க. இரண்டாவதாக, சொந்தக் கிடங்கு கட்டினாலும் வெளியார் கிடங்குகளின் வழியை அடைக்கலாகாது. எங்கிருந்து எடுத்த 'மாட்'டானாலும் விளையாட்டு ஏற்கும்படி இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, களவுப் புகார் வந்தால் விரைவில் விசாரித்து மெய்யான ஆசிரியன் பெயரை நிலைநாட்டும் ஏற்பாடு வேண்டும். நான்காவதாக, விலைக்கு விற்பதாயின் ஆசிரியர்களைக் கலந்துகொண்டே பங்கை வகுக்க வேண்டும். உழைத்தவன் பங்கு மற்ற இருவரில் எவர் பங்கிற்கும் குறையலாகாது. ஐந்தாவதாக, கிடங்கை மூடவோ விதியை மாற்றவோ நினைத்தால் போதிய தவணை கொடுக்க வேண்டும். விளையாட்டைத் திருத்தும்போது பழைய பதிப்பையும் வேண்டுவோர்க்குக் கிடைக்கும்படி வைக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் நடவாத காரியம் அன்று. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் முழுதாகவோ பகுதியாகவோ நடந்து வருவதே.

இது தூர தேசத்தார் விவகாரம் என்று நம்மவர் அலட்சியமாயிருத்தல் தகாது. இவ்விளையாட்டுகளை நம் நாட்டு இளைஞரும் ஆடுகின்றனர். அவர்களுள் கைத்திறன் வாய்ந்தவர் 'மாட்' செய்யப் புகும்போது, அதே நிபந்தனைப் பத்திரத்தின் அடியில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துகின்றனர். அதைப் படித்துப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருப்பது அரிது. அழுத்துமுன் படியுங்கள் என்பதும், செய்ததன் பிரதியொன்றை எப்பொழுதும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதும் அவர்களுக்கு நாம் கூறும் புத்திமதி.

'டூம்' விளையாட்டின் பழைய வரைபடங்கள் முப்பது ஆண்டு கடந்தும் உயிரோடிருப்பதை மேலே குறிப்பிட்டோம். அவற்றைக் காத்தவை பெருங்கம்பெனியின் பணமோ பூட்டோ அல்ல. பலர் கையில் பல பிரதிகள் இருந்தமையே காத்தது. அதனால் அக்கம்பெனிக்கும் குறைவு நேரவில்லை. பிறர் உழைப்பால் அதன் விளையாட்டு இன்றும் ஆடப்படுகிறது. இனாமாக உழைப்பவன், தன் உழைப்பு மதிக்கப்படுகிறவரையில் உழைப்பான். அது பறிக்கப்படுகிறதென்று அறிந்த அன்று கருவியைக் கீழே வைத்துவிடுவான். பிறகு கிடங்கு எவ்வளவு பெரிதாயிருந்தாலும் அதில் வைப்பதற்குச் சரக்கு இராது. பிரசுரகர்த்தர்கள் இதை உரிய காலத்தில் உணர்வார்களென்று நம்புகிறோம்.